நிழலுக்கு உரியவர் யார்?

தமிழில் ‘நிழற்படம்’ என்னும் சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காமிராவால் படம் பிடிப்பது கூடுமா என்னும் சர்ச்சை எழுந்த காலத்தில், எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், இது புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, முன்னரே உள்ள நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டார்கள். அரபியில் ‘ஹப்ஸுல் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்படுத்துதல் என்று அறிஞர் ஆய்ந்து சொன்னதைத் தமிழர் ஒரு சொல்லுக்குள் அடக்கி வைத்துவிட்டனர். அந்த மார்க்கச் சட்ட விவாதம் இக்கட்டுரைக்கு உரியதன்று. ஆயினும் அதன் அருகிலேயே இன்னொரு வினா நிற்கிறது. நிழல் சிறைப்பட்டபின் அது யாருக்குச் சொந்தம்? பிடித்தவருக்கா, நிழலுக்கு உரியவருக்கா? நிழலுக்கு உரியவர் வேலையிழந்த ஏழையாகவும், ‘என்னைப் படமெடுக்காதே’ என்று சொல்லவும் வலுவற்றவராகவும் இருந்தால் விடை என்ன?

இவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் தொழில்கள் நலிந்த காலத்தில் எடுக்கப்பட்ட சில நிழற்படங்களை ஆராய விழைகிறோம். கிறிஸ் கில்லிப் என்பார் 1988-இல் வெளியிட்ட ‘இன் ஃப்ளக்ராண்டே’ என்னும் படநூலே நம் ஆய்வின் நடுப்பொருள். அவர் காலத்தில் அதே நகரில் பணியாற்றிய பின்லாந்துப் பெண்மணி சிர்க்கா-லீசா கோன்டினென் எடுத்த படங்களையும், அதே ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேறிய யமன் நாட்டு முஸ்லிம் மாலுமிகளின் படங்களையும் உடன் வைத்து நோக்குவோம்.

கரியும் கப்பலும்

டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசிலிலிருந்து பல நூற்றாண்டுகளாக நிலக்கரி கப்பலேறியது. ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலேயர் ‘நியூகாசிலுக்குக் கரி கொண்டு போவது’ என்பர். கரியை அடுத்து இரும்பும், இரும்பை அடுத்துக் கப்பல் கட்டுதலும் அங்கே தழைத்தன. அச்சீமையில் வறுமை ஒரே நாளில் புகுந்ததன்று. ஜாரோ என்னும் ஊரில் பாமர் கப்பல் தளம் மூடப்பட்டபின், 1936-இல் அவ்வூர் ஆண்கள் 200 பேர் வேலை கேட்டு லண்டன்வரை நடந்தே சென்றனர். இரண்டாம் உலகப் போர் வேலையைத் திரும்பக் கொணர்ந்தது. ஆனால் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எண்ணெய்க் கப்பல்களுக்கான தேவை சுருங்கிற்று. ஜப்பானும் கொரியாவும் குறைந்த விலையில் கட்டித் தந்தன. 1980-இல் கான்செட் உருக்காலை மூடப்பட்டது. 1984–85-இல் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர்.

ஆலை மூடப்படும்போது நிற்பது கூலி மட்டுமன்று. தந்தை மகனுக்குக் கற்பித்த கைத்திறன் பயனற்றுப் போகிறது. ‘நான் இன்ன வேலை செய்பவன்’ என்று சொல்லிக்கொள்ளும் தகுதி பறிபோகிறது. ஊர் என்பது வெறும் முகவரியாகிவிடுகிறது. இந்த இழப்பு கணக்கேட்டில் ஏறுவதில்லை; முகத்தில் ஏறுகிறது. ஆகவேதான் நிழற்படக்காரர்கள் அங்கே சென்றனர்.

கில்லிப் 1946-இல் மான் தீவில் பிறந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டவர். கடற்கரையில் உல்லாசப் பயணிகளைப் படமெடுத்துத் தொழில் தொடங்கியவர். 1975-இல் ஒரு கலை உதவித்தொகையின் பேரில் நியூகாசிலுக்கு வந்து பல்லாண்டு தங்கிவிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 2020-இல் காலமானார். அவர் கையாண்டது 4க்கு 5 அங்குலப் பிலிம் இடும் பெருங்காமிரா. அதை மறைத்து வைத்து யாரையும் களவாகப் படமெடுத்தல் எளிதன்று. எதிரே நிற்பவர் காமிராவைக் காண்கிறார். காமிராக்காரர் இன்னாரென்றும் காண்கிறார். இச்சிறு செய்தி அவருடைய படங்களை எடைபோடப் பயன்படும்.

ஒரு தெருவின் இரு படங்கள்

வால்சென்ட் என்னும் ஊரில் 1975-இல் அவர் எடுத்த படமொன்று. இருபுறமும் செங்கல் வீடுகள் வரிசையிட்ட தெரு. தெருமுனையில் ‘டைன் பிரைடு’ என்னும் எண்ணெய்க் கப்பல், கூரைகளையும் புகைபோக்கிகளையும் தாண்டி மலைபோல் எழுந்து நிற்கிறது. டைன் ஆற்றில் கட்டப்பட்டவற்றுள் மிகப் பெரிய கப்பல்களுள் அதுவும் ஒன்று. ‘டைனின் பெருமை’ என்பது அப்பெயரின் பொருள். 1977-இல் அதே இடத்திற்குச் சென்று அவர் மீண்டும் படமெடுத்தார். கப்பல் போய்விட்டது, வீடுகளும் இடிக்கப்பட்டுவிட்டன.

இவ்விரு படங்களுக்கு இடையே இரண்டே ஆண்டுகள். முதற்படத்தை மட்டும் கண்டவர் தொழில் செழிப்பைக் கண்டதாக எண்ணுவார். இரண்டாவதை மட்டும் கண்டவர் இடிந்த சுவரைக் கண்டு பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுவார். இரண்டையும் சேர்த்துக் காண்பவருக்கே ஒரு வழக்கின் இரு ஏடுகளும் கிடைக்கின்றன. திரும்பிச் செல்லுதல் என்னும் ஒரு செயலால் கில்லிப் இதைச் சாதித்தார்.

சுவர்மேல் ஓர் இளைஞன்

அவருடைய படங்களுள் புகழ் மிக்கது 1976-இல் ஜாரோவில் எடுத்தது. தலை மழித்த இளைஞன் ஒருவன் செங்கல் சுவரின்மீது முழங்காலை மடக்கி அமர்ந்திருக்கிறான். மேற்சட்டை அவன் அளவுக்கு மிஞ்சியது. காலில் கனத்த பூட்சு. கண்களை இறுக மூடி, முட்டிகளை நெற்றியோடு அழுத்திக்கொண்டிருக்கிறான். உடல் முழுவதும் ஒரு முடிச்சாகிவிட்டது. அவன் அழுகிறானா, சினக்கிறானா, குளிரில் நடுங்குகிறானா என்பதைப் படம் சொல்வதில்லை.

இப்படத்தைக் கண்டோர் பலர் மார்கரெட் தாட்சர் ஆட்சியின் கொடுமைக்கு இதைச் சான்றாகக் கொண்டனர். தாட்சர் பிரதமரானது 1979-இல்; படம் எடுக்கப்பட்டது அதற்கு மூன்றாண்டு முன்னர். அறிவிப்பாளர் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் வைத்து அறிவிப்பைச் சோதித்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வழியில் நின்றால், இச்சான்று நில்லாது. கில்லிப்பே இதை உணர்ந்திருந்தார். 2016-இல் அந்நூலை மறுபதிப்பாகக் கொணர்ந்தபோது, தம் படங்கள் 1973 முதல் 1985 வரையிலானவை என்று குறித்து, அக்காலத்தில் ஆண்ட பிரதமர்கள் ஹீத், வில்சன், காலஹன், தாட்சர் ஆகிய நால்வரையும் கட்சியோடும் ஆண்டோடும் வரிசைப்படுத்தினார். இரு கட்சியாரும் அப்பட்டியலில் உள்ளனர். தம் படத்தை ஒரு தரப்பாரின் கொடிக்கம்பமாக்க அவர் ஒப்பவில்லை என்பது இதனால் விளங்குகிறது.

ஆனால் இங்கேதான் அவரோடு நமக்கு ஒரு வழக்கு. 1988-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பில் அவர் அந்நூலைப் புனைவு என்றும் உருவகம் என்றும் கூறிக்கொண்டார். வரலாற்றாசிரியன் என்னும் பட்டத்தைத் தவிர்க்க விரும்பிய கலைஞரின் அடக்கம் அது எனலாம். எனினும் ‘உருவகம்’ என்னும் சொல்லை நாம் எளிதில் விட்டுவிட இயலாது.

அணியிலக்கணம் தரும் அளவுகோல்

அரபு பலாகத் நூல்கள் ‘மஜாஸ்’ என்றும் ‘கினாயா’ என்றும் இரண்டைப் பிரித்துரைக்கும். ‘மிம்பரில் ஒரு சிங்கத்தைக் கண்டேன்’ என்றால் அது மஜாஸ். அங்கே சிங்கம் இல்லை. வீரர் ஒருவரே உள்ளார். சொல்லின் நேர்ப்பொருளை ஏற்க முடியாதபடி ஒரு குறிப்பு தடுத்துவிடுகிறது. ‘இன்னார் சாம்பல் மிகுந்தவர்’ என்றால் அது கினாயா. விருந்தினர்க்கு ஓயாது அடுப்பெரிப்பவர், ஆகவே வள்ளல் என்பது அதன் உட்பொருள். ஆனால் அவர் வீட்டு முற்றத்தில் மெய்யாகவே சாம்பல் குவிந்திருக்கலாம். அந்த நேர்ப்பொருளை ஏற்பதற்கு எத்தடையும் இல்லை. உட்பொருள் பிறந்தபின்னும் சாம்பல் சாம்பலாகவே இருக்கிறது.

எளியோரைப் பற்றிய நிழற்படம் எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த அளவுகோலை நாம் அறியோம். சுவர்மேல் அமர்ந்த இளைஞன் ‘நலிந்த இங்கிலாந்து’ என்னும் பொருளுக்கு மஜாஸ் ஆகிவிட்டால், அங்கே இளைஞன் இல்லை. அவன் பெயர், வீடு, அன்று காலை அவனுக்கு நேர்ந்தது ஆகிய எதுவும் நமக்கு வேண்டாததாகிவிடும். அவனே கினாயாவாக நின்றால், அவன் முதலில் அவனாக இருப்பான். அவன் வாயிலாக ஊரின் நிலையும் தெரியும். மனிதரை மஜாஸ் ஆக்கிவிடுவதே இக்கலையின் பெருங்குற்றம். இரக்கத்தின் பெயரால் செய்தாலும் அது குற்றமே.

‘இன் ஃப்ளக்ராண்டே’ என்னும் இலத்தீன் தொடருக்குக் குற்றம் செய்துகொண்டிருக்கும்போதே பிடிபடுதல், நம் வழக்கில் ‘கையும் களவுமாக’ என்று பொருள். யார் பிடிபட்டார் என்பதை நூல் சொல்லவில்லை. ஊரைக் கைவிட்ட அரசும் முதலாளியும் என்று சிலர் கொள்வர். பிறர் துயரைப் படமாக்கும் காமிராக்காரர் தம்மையே குறித்தார் என்றும் கொள்ள இடமுண்டு. இந்த இரண்டாம் பொருளே அவரை மற்றோரினும் உயர்த்துகிறது என்பது நம் எண்ணம்.

கடற்கரியும் கடற்கரை ஊரும்

லைன்மவுத் கடற்கரையில் ஒரு விந்தையான பிழைப்பு நடந்தது. சுரங்கத்தார் கழிவைக் கடலில் கொட்டுவர். அதில் கலந்த கரியை அலை பிரித்துக் கரையில் ஒதுக்கும். வண்டிகளில் குடியிருந்த ஏழைக் குடும்பத்தார் குதிரை வண்டிகளை நீருக்குள்ளேயே இறக்கி அக்கரியை வாரி விற்று வாழ்ந்தனர். கில்லிப் 1976-இல் இதைக் கண்டு படமெடுக்க முயன்றபோது அவர்கள் விரட்டிவிட்டனர். அரசு உதவித்தொகை அலுவலகத்தின் ஒற்றரோ என்னும் ஐயம் அவர்களுக்கு. மீண்டும் மீண்டும் சென்றும் பயனில்லை. 1982-இல்தான், ஆப்பிள்பி குதிரைச் சந்தையில் அவரை முன்பே சந்தித்திருந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால் வழி திறந்தது. பின்னர் தாமும் ஒரு குடியிருப்பு வண்டி வாங்கி, 1983-84-இல் அவர்களிடையே தங்கினார்.

அறிவிப்பாளரும் அவருக்கு அறிவித்தவரும் ஒரே காலத்தவர் என்பதே போதும் என்றார் இமாம் முஸ்லிம். ஒருமுறையேனும் நேரில் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி. எளியோரைப் படமெடுப்போருள் பலர் முதல் நிபந்தனையோடு நின்றுவிடுகின்றனர். லைன்மவுத்தில் கில்லிப் இரண்டாவதையும் நிறைவேற்றினார்.

அதன் பயன் படங்களில் தெரிகிறது. கரித்தூளும் குப்பையும் சிதறிய தரையில் ஒரு சிறுமி இடுப்பில் வளையம் சுழற்றி விளையாடுகிறாள். வறுமையைக் காட்டப் புறப்பட்டவர் அந்தச் சிறுமியைக் கண்டிருந்தாலும் விளையாட்டு முடியும்வரை காத்திருந்து, வாடிய முகத்தையே எடுத்திருப்பார். உடன் வாழ்ந்தவருக்கு விளையாட்டும் அவ்வாழ்வின் பகுதியென்று தெரியும்.

படங்களின் தலைப்புகளையும் ஒப்பிடலாம். ஜாரோ படத்தின் தலைப்பில் பெயரில்லை. ‘சுவர்மேல் இளைஞன்’ என்பதோடு சரி. லைன்மவுத், ஸ்கின்னிங்க்ரோவ் படங்கள் பலவற்றில் மனிதர் பெயரோடு நிற்கின்றனர். எங்கே அவர் கடந்து சென்றாரோ அங்கே ‘இளைஞன்’. எங்கே தங்கினாரோ அங்கே பெயர். மஜாஸுக்கும் கினாயாவுக்கும் இடையிலுள்ள தொலைவு இத்தலைப்புகளிலேயே அளக்கக் கிடக்கிறது.

ஸ்கின்னிங்க்ரோவ் இரும்புத் தொழிலும் மீன்பிடித்தலும் கொண்ட சிற்றூர். அயலாரை எளிதில் ஏற்காத ஊர். தந்தை கடலில் மூழ்கி இறந்தபின் முதன்முறையாகப் படகில் அழைத்துச் செல்லப்படும் சிறுவனை 1983-இல் கில்லிப் அங்கே படமெடுத்தார். செய்தியைத் தலைப்பு சொல்கிறது. படம் அழுது காட்டவில்லை. அவரோடு பழகிய அவ்வூர் இளைஞர் சிலரும் பின்னர்க் கடலுக்கு இரையாயினர். மகனை இழந்த ஒரு தாய்க்கு, தம்மிடமிருந்த அவன் படங்களைத் தொகுத்துக் கொடுத்தார் கில்லிப். அவ்வூர்ப் படங்களுள் பெரும்பாலானவற்றைப் பல ஆண்டுகள் வெளியிடாமலே வைத்திருந்து, 2018-இல் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிட்டார். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 2017-இல் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அது கலையுலகம் தந்த மதிப்பு. ஆனால் அந்தத் தாயின் கையிலிருந்த படத்தொகுதியே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு நேர் விடை. நிழல் உரியவரின் வீட்டுக்குத் திரும்பிற்று.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பார்வை

கில்லிப்பின் மேல் நியாயமான குறைகளும் உண்டு. ‘இன் ஃப்ளக்ராண்டே’யில் வானம் எப்போதும் தாழ்ந்து கனத்திருக்கிறது. அடுப்படி, அயல்வீட்டார் பேச்சு, திருமணம், நகைப்பு ஆகியவை அதில் அருகியே உள்ளன. தெருவிலும் கரையிலும் நின்று பார்த்தவரின் உலகம் அது.

இக்குறையைக் கோன்டினென் நிறைவு செய்கிறார். 1969-இல் ஆம்பர் என்னும் கலைக்குழுவினரோடு நியூகாசிலுக்கு வந்த அவர், பைக்கர் என்னும் தொழிலாளர் பகுதியில் குடியேறினார். அப்பகுதி முழுவதையும் இடித்துப் புதிய குடியிருப்புக் கட்ட நகராட்சி முடிவு செய்திருந்தது. தம் வீடும் இடிபடும்வரை அங்கேயே வாழ்ந்து, அயலாரை அவர்தம் வீட்டுக்குள்ளும் முடுக்கிலும் படமெடுத்து, 1983-இல் ‘பைக்கர்’ என்னும் நூலாக்கினார். கைவிடப்பட்ட ஒரு வீட்டில் ஒரு சிறுமி பழைய பியானோவை வாசிக்கும் படம் அதில் உண்டு. வீடு பாழ்; இசை பாழன்று. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் சென்று, புதிய குடியிருப்பில் பன்னாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோரையும் சேர்த்து 2009-இல் மற்றொரு நூல் வெளியிட்டார். அவருடைய படங்களும் ஆம்பர் குழுவின் திரைப்படங்களும் 2011-இல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இந்த ஆம்பர் குழு 1977-இல் நிறுவிய சைடு காட்சிக்கூடத்தின் தொடக்க கால இயக்குநர்களுள் கில்லிப் ஒருவர். அரசுக் கலை மன்றத்தின் நிதி நின்றதால் அக்கூடமும் 2023-இல் மூடப்பட்டது. மூடப்பட்ட ஆலைகளுக்குச் சாட்சி சொன்ன இடம் தானும் அவ்வரிசையில் சேர்ந்தது.

முகத்துவாரத்து முஸ்லிம்கள்

அப்புகழ்பெற்ற படநூல்களை மட்டும் புரட்டுவோர் ஒரு செய்தியை அறியாமலே போவர். டைன் ஆறு கடலோடு கலக்கும் சவுத் ஷீல்ட்ஸ் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் யமன் நாட்டு முஸ்லிம்கள் வாழ்ந்து வருகின்றனர். ஏடனில் கப்பலேறி, நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி வாரிப் போட்டவர்கள் இவர்கள். வெப்பம் தாளாத அவ்வேலைக்கு இவர்களைக் கப்பல் முதலாளிகள் விரும்பி அமர்த்தினர். வேலை குறைந்த காலத்தில் இவர்களே முதற்பகையாகக் கருதப்பட்டனர். 1930-இல் மில் டாம் என்னுமிடத்தில் கலவரம் மூண்டு, யமனியர் பலர் சிறைப்பட்டனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். அவ்வூர்ப் பெண்களை மணந்து தங்கியோர் ஒரு சமூகமாயினர். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 1977-இல் அவ்வூர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு வந்து தம் திருமணத்திற்கு துஆ பெற்றுச் சென்றதும் இச்சமூகத்திடமே. கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறவே, அவர்களின் தொழிலும் மறைந்தது.

இவர்களுள் எஞ்சியிருந்த முதல் தலைமுறை மாலுமிகள் 14 பேரைப் பற்றித் திரைப்பட இயக்குநர் டீனா கராவி அமைத்த கண்காட்சி, 2008-இல் கேட்ஸ்ஹெட் நகரின் பால்டிக் கலைக்கூடத்தில் நடந்தது. எகிப்தியக் கலைஞர் யூசுஃப் நபீல் அம்முதியவர்களைப் படமெடுத்துக் கையால் வண்ணந்தீட்டினார். படங்களோடு அவர்கள் தம் வரலாற்றைத் தம் வாயால் சொல்லும் பதிவுகளும் வைக்கப்பட்டன. கையால் தீட்டிய வண்ணம் பழைய எகிப்துத் திரைப்படச் சுவரொட்டியின் மினுக்கை நினைவூட்டுகிறது; கொதிகலன் அறையின் கரி அதில் ஒட்டவில்லை என்று ஒருவர் குறைகூறலாம். ஆயினும் வாழ்நாள் முழுதும் கரி படிந்த முகத்தோடு எண்ணப்பட்டவர்கள், முதுமையில் தூய ஆடையுடன் நிமிர்ந்து காமிராவை நோக்க விரும்பினால் அதை மறுக்க நாம் யார்? ஏழை எப்போதும் கந்தலுடனேயே காட்சி தர வேண்டும் என்பதும் ஒரு கொடுமையே. தவிரவும், படத்தின் அருகே அவர் குரலும் ஒலிக்கும்போது, அவரை மஜாஸ் ஆக்குதல் யாருக்கும் கூடாத காரியம். நேர்ப்பொருளே எழுந்து பேசுகிறதன்றோ!

ஆக, எளியோரைக் காட்டும் படத்தின்முன் நிற்கையில், அது அழகாயிருக்கிறதா, நெஞ்சை உருக்குகிறதா என்பவை பிந்திய வினாக்கள். எடுத்தவர் அவர்களோடு தங்கினாரா? எடுத்த ஆண்டும் இடமும் தெளிவா? அவர்கள் பெயரோடு நிற்கின்றனரா? படம் அவர்கள் கைக்குத் திரும்பிற்றா? இவற்றை முதலிற் கேட்போம். இவ்வளவுகோலால் அளந்தால், கில்லிப்பின் பணியில் ஜாரோ இளைஞனினும் லைன்மவுத் சிறுமி உயர்ந்து நிற்கிறாள். உலகம் இளைஞனையே அதிகம் கொண்டாடினாலும் நம் தீர்ப்பு இதுவே.

இப்படநூல்களைக் காணும் வாய்ப்புப் பெறுவோர்க்கு ஒரு சொல். 2011-இல் வெளிவந்த ‘கடற்கரி’ என்னும் கில்லிப்பின் நூலை முதலிலும், கோன்டினெனின் ‘பைக்க’ரை அடுத்தும் பாருங்கள். ‘இன் ஃப்ளக்ராண்டே’யை இறுதியில் திறவுங்கள். அப்போது அச்சுவரின்மேல் இருப்பவனுக்கும் ஒரு வீடும், ஒரு தாயும், நாம் அறியாத ஒரு பெயரும் உண்டென்னும் நினைவோடு அவனைப் பார்ப்பீர்கள்.